டோக்கன் இல்லாமல் எழுந்தவள்

காலர் தைக்கிறவள் டோக்கன் இல்லாமல் எழுந்து கழிப்பறைக்குப் போன செவ்வாய்க்கிழமை, அவளுடைய தையல் மெஷின் ஆளில்லாமலே பதினோரு காலர் தைத்தது. ஒரு தையல்கூடக் கோணவில்லை. அந்தத் தொழிற்சாலையில் அறுபது பெண்களுக்கு ஒரே ஒரு தகர டோக்கன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் அவள் வரிசையிலேயே நான்கு பேர். அவளையும் டாக்டர் எச்சரித்திருந்தார்.

மறுநாள் மெமோ வந்தது. தன்னிச்சையாகச் செயல்பட்டதற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. அதே குற்றத்துக்கு மெஷின்மேலும் ஒரு மெமோ ஒட்டினார்கள். மெஷின் விளக்கம் எதுவும் தரவில்லை.

"தன்னிச்சையான்னா என்னக்கா?" என்று பட்டன் வைக்கிறவளிடம் கேட்டாள்.

"யாரையும் கேக்காம நாமளா ஒண்ணு செய்யறது. இங்க திட்டறதுக்கு மட்டும்தான் அந்த வார்த்தைய எடுப்பாங்க."

"அப்போ மூச்சு விடறது?"

"மெதுவாப் பேசுடி. அதுக்கும் டோக்கன் போட்டுடப் போறாங்க."

மதியத்துக்குள் வார்த்தை வரிசை முழுக்கப் பரவிவிட்டது. தன்னிச்சையாகத் தும்மினேன் என்றாள் ஒருத்தி. உன் சாப்பாட்டு டப்பாவில் தன்னிச்சையாகக் கை வைத்துவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. வீட்டில் காலர் தைக்கிறவளின் கணவன்தான் சிரிக்கவில்லை.

"ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துடேன். என்ன குறைஞ்சுடப் போகுது?"

"ஒரு கிட்னி."

அவள் எழுதிக் கொடுத்தது இரண்டு வரி. 'தன்னிச்சையாகத்தான் போனேன். நாளைக்கும் போவேன்.' மேனேஜர் அவளை அன்றே வெளியே அனுப்பினார். அவள் வாசலைத் தாண்டியதும் அறுபது மெஷினும் நின்றன. மெக்கானிக் மூன்று நாள் எண்ணெயும் வியர்வையுமாகக் கிடந்தார், ஊசி இறங்கவில்லை. நான்காம் நாள் ஆள் அனுப்பி அழைத்தார்கள். வந்தவள் மெஷின்மேல் இருந்த மெமோவைக் கிழித்துப் போட்டாள், உட்கார்ந்தாள், உடனே எழுந்து கழிப்பறைக்கு நடந்தாள். பின்னாலேயே பட்டன்காரி எழுந்தாள், பிறகு எல்லோரும். காலி நாற்காலிகளுக்கு முன்னால் மெஷின்கள் ஓடின. அன்றைக்கு வழக்கத்தைவிட நாற்பது சட்டை அதிகம்.

பதினாறு வருடம் ஆகிறது. டோக்கன் துருப்பிடித்து அதே ஆணியில் இருக்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மேஜை முன் தயங்கி நின்று, போகலாமா என்று கேட்டாள். சூப்பர்வைசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என்னை எதுக்கும்மா கேக்கற? போயிட்டு வா. அது தச்சுக்கும்."