கழுவாத ஜாடிகள்

என் மாமனார் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய மருந்து ஜாடிகள். வெள்ளைப் பீங்கான், நீலப் பூவேலை, குறுகிய கழுத்து. அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்த காலத்துச் சொத்து. வெளிப்பக்கத்தை வாராவாரம் பளபளவென்று துடைப்பார்கள். உள்ளே மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கழுவினால் அப்பாவின் கைமணம் போய்விடுமாம்.

விருந்தாளி யார் வந்தாலும் மாமனார் மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார். வந்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு "அருமை" என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன். செத்த எலியின் நாற்றம் அது, வேறொன்றும் இல்லை.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். கடையில் அவரைப் போல் சுத்தக்காரரைப் பார்க்க முடியாது. காலாவதியான மாத்திரையை விரலால்கூடத் தொடமாட்டார், இடுக்கியால் எடுத்துத்தான் ஒதுக்குவார். வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்போடு மூளையையும் கழற்றி வைத்துவிடுவார்.

எங்கள் குழந்தைக்கு இருமல் வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தில் குறைந்துகொண்டும் வந்தது. அது மாமனாருக்குப் பொறுக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய ஜாடியை மேஜைக்குக் கொண்டுவந்து, நீளக் கரண்டியை உள்ளே விட்டு அடியைக் கரகரவென்று சுரண்டினார். பிசுபிசுவென்று கறுப்பாக ஏதோ வந்தது. அதை வெந்நீரில் கலக்கினார்.

"நம்ம குடும்பத்துல இதைக் குடிக்காம எந்தக் குழந்தையும் வளர்ந்ததில்லம்மா" என்றார்.

டம்ளரை எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு கால் மிதந்தது. முள் முள்ளாக.

"மாமா, இது கரப்பான்பூச்சியோட கால்."

"வேரும்மா அது." சுண்டுவிரலால் எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அப்பா சொன்னால் மறுபேச்சு பேசாத என் வீட்டுக்காரர், மடியில் இருந்த குழந்தையின் மூக்கைப் பிடித்தார். வாய் தானாகத் திறக்குமாம்.

பாய்ந்து குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இன்னொரு கையால் ஜாடியை மேஜைமேல் அப்படியே கவிழ்த்தேன். எலிப் புழுக்கை, கரப்பான் முட்டைக் கூடுகள், உதிர்ந்த சிறகுகள், காய்ந்து சுருண்ட ஒரு பல்லி. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவைத்திருந்தது அந்தக் கறுப்புப் பிசின். நாற்றம் கண்ணைக் கரித்தது.

"இதுதான் உங்க பரம்பரை மருந்து. கண்ணைத் திறந்து நல்லாப் பாருங்க."

வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மாமனார் ஜாடியை நிமிர்த்தி வைத்தார். மகனிடம், "ஒண்ணும் சிந்தாம அள்ளுடா. எங்கப்பா கைபட்டது" என்றார்.

என் வீட்டுக்காரர் அள்ளினார். இரண்டு கையாலும். புழுக்கை, முட்டைக்கூடு எதையும் விடவில்லை. பல்லியின் வால் ஒடிந்து விழுந்ததையும் தேடி எடுத்து ஜாடிக்குள் போட்டு மூடினார். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"அழறா பாரு. குடு."

"கையைக் கழுவிட்டு வாங்க."

தன் கையைப் பார்த்தார். திரும்பித் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

நான் குழந்தையோடு படியிறங்கினேன்.