பத்து மணி நோயாளி

எங்கள் பிசியோதெரபி கல்லூரியில் ‘நோயாளியிடம் பரிவு’ என்று ஒரு தேர்வு உண்டு. பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் தோளைத் தொட்டு, கனிந்த குரலில் வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். நான் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். எலும்புக்கூடு கடைசிவரை பதில் சொல்லவில்லை. ஒரு மதிப்பெண் அதில்தான் போயிருக்க வேண்டும்.

அந்த ஒன்பதோடு 2007 ஆவணியில் சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தேன். ஊரில் யாரையும் தெரியாது. அச்சகத்துக்கு மேலே அறை. கீழே அடுத்த வருடத்துக் காலண்டர்கள் அச்சில் ஓடிக்கொண்டிருந்தன. அறையில் உட்கார்ந்தால் அந்த மிஷின் சத்தம்தான் பேச்சுத் துணை.

காலை பத்து மணி நோயாளி பொன்னுத்தங்கம். நாரணாபுரம். நாற்பது வயது இருக்கும். சித்திரையில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பற்றி, வலது உள்ளங்கை வெந்துவிட்டது. புண் ஆறியபோது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. தினமும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது என் வேலை. தீபாவளி சீசன் முடிவதற்குள், வேலைக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி வேனில் ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கணவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. மகளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

“வேன்ல இருவது பொம்பளைக சார். ஒருத்தி பேச ஒருத்தி விடமாட்டா. வீட்டுல நான் பேசுனா நாந்தான் கேக்கணும்.”

கோப்பில் வலிக்கு ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளி சொல்வதை எழுத வேண்டும். தினமும் கேட்டேன். தினமும் “வலிக்கலை சார்” என்றார். பூஜ்யம் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். ஒரு வாரத்தில் பூஜ்யங்கள் வரிசையாகச் சேர்ந்தன. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் நடுவிரல் மடிப்பில் தோல் பிளந்து ரத்தம் வந்தது.

“வலிக்கலை சார்” என்றார். நாற்காலிக்கு அடியில் அவருடைய கால்விரல்கள் பத்தும் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒன்பது நாளும் நான் அங்கே பார்க்கவே இல்லை.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். கம்பெனிக்கு அதிகாரிகள் செக்கிங் வரும்போதெல்லாம் போர்மேன் எல்லாரையும் நிற்கவைத்து, என்ன கேட்டாலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லப் பழக்கியிருக்கிறார். மாற்றிச் சொன்னவளுக்கு மறுநாள் வேன் நிற்காது. வெள்ளைக் கோட்டு, கையில் கோப்பு, கேட்டுக் கேட்டு எழுதுகிற ஆள். நான் கம்பெனி அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டியிருந்தார்.

“வலிக்குதுன்னு எளுதிட்டா, கை ஆகாதுன்னு பேரை அடிச்சிருவாகல்ல?”

எனக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை என்றேன். இந்தக் கோப்பை டாக்டரே படிப்பதில்லை என்றேன். கடைசியாகச் சொன்னதைத்தான் நம்பினார் போலிருக்கிறது. கட்டுப் போட அடுத்த விரலைத் தொட்டதும் தாழ்ந்த குரலில், “வலிக்குது தம்பி” என்றார்.

டாக்டர் வந்து பார்த்தார். பதினைந்து நாள் விரலை இழுக்கக் கூடாது. அதற்குள் தோல் மறுபடியும் சுருங்கிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த சீசனுக்கு வேன் இல்லை. அதை நானே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தவறு என் கையில் என்றும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. சரி என்று தலையாட்டினார். பதினைந்து நாள் வீட்டிலேயே இருங்கள், வரவேண்டாம் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

மறுநாள் பத்து மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“வலிக்குது தம்பி.”

கட்டைப் பிரித்தேன். வீக்கம் இல்லை, கசிவு இல்லை. திருப்பிக் கட்டிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

அந்தக் கையில் ஒரு தழும்புகூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, விரலுக்குப் பத்து முறை. இரண்டாவது விரல் முடிவதற்குள், போன சீசனில் வேனில் ஜன்னல் சீட்டுக்காக ராக்காயியும் வள்ளித்தாயும் போட்ட சண்டையை ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. ஐந்து விரல் முடிந்தும் சண்டை முடியவில்லை. பெருவிரலிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

பதினோரு மணிக்கு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்கும் வலிக்கும் போலருக்கு தம்பி.”

“பத்து மணிக்கு வந்துருங்கக்கா” என்றேன்.