வள்ளத்தில் வந்திறங்கிய நீலக்குருவி

எழுபத்து நாலாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, நடுக்கடலில் பிலிப்பு அண்ணையின் மீன்பிடி வள்ளத்துக்குள் அது வந்து விழுந்ததாம். சட்டைப்பைக்குள் வைத்து எங்கள் தீவு ஊரான நாரந்தனைக்குக் கொண்டுவந்தார்.

"இந்தா ஜசிந்தா, உன்ரை புத்தகத்துக்குள்ளையிருந்து ஒண்டு பறந்து வந்திட்டுது."

முதுகு நீலம், நெஞ்சு செம்மஞ்சள், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. ஒரு கையில் குருவியையும் மறு கையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். ஈயம்தான் பாரம்.

நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் காடு வந்தால் ஒரு குருவி பாடும். மனிதர்கள் நடையை நிறுத்திக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து வாசலான ஆனையிறவைக்கூடத் தாண்டாத எனக்கு அப்படியொரு பாட்டை ஒருதரமாவது கேட்க வேண்டும். கோழி மூடும் கரப்பின் கீழே அதை விட்டு, சோறும் குரக்கன் தானியமும் தூவினேன். மத்தியானம்வரை தொடவேயில்லை. வால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

தெற்கே மலைநாட்டு நுவரெலியாவில் ஆஸ்பத்திரித் தாதியாக இருக்கும் பக்கத்து வீட்டுக் கமலாதேவி அக்கா லீவில் வந்திருந்தார். எட்டிப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னடி, விருந்தாளிக்குப் பழஞ்சோறோ? இது புழு பூச்சி தின்னுறது. எங்கடை குவாட்டர்ஸுக்குப் பின்னாலை ஈரக்காட்டுக்குள்ளை நிக்கும். வெய்யில் காலம் இமயமலைக்குப் போயிடுமாம்."

"இமயமலைக்கோ?" என்றார் அண்ணை. "நயினாதீவுக்குப் போய்வரவே என்ரை எஞ்சின் மூண்டு தரம் நிக்குது!"

உக்கிய பனங்குற்றியைக் கொத்திக் கறையான் கொண்டுவந்தார். குருவி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. நான் அட்லசை விரித்தேன். அந்த மலையில் கட்டைவிரலும் எங்கள் தீவில் சுண்டுவிரலும் வைக்க, கை முழுவதும் விரிந்துவிட்டது. இடையில் ஒரு பெரிய தேசம், பிறகு கடல். விரல்களை எடுக்காமலே குருவியைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் விடியவும் அது பாடவில்லை. கரப்பின் இடுக்கில் முட்டி முட்டி நெற்றியில் இரத்தம் கசிந்திருந்தது. எத்தனை தரம் கரப்பைத் திருப்பி வைத்தாலும் தெற்குப் பக்கமாகவே போய் முட்டியது.

"இன்னும் ரெண்டு நாள் வைச்சிருந்தால் பாடுமோ அக்கா?"

"பாடினாலும் பாடும். செத்தாலும் சாகும்."

கரப்பைத் தூக்கினேன். குருவி வேலிக் கதியாலில் ஏறியிருந்தது. அண்ணையும் அக்காவும் நானும் காதைக் கொடுத்து நின்றோம். பாட்டு வரவில்லை. திடீரென்று எழும்பி, பனைகளுக்கு மேலே காற்றில் ஒருமுறை சாய்ந்து, தெற்கே போனது. புள்ளியாகி மறைந்த பிறகும் நான் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பினால், அண்ணை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். கோயில் வாசலில்தான் அவர் அப்படிச் செய்வார்.