வகுபடாத லயம்

தம்பின் டவுனுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு லயம், வரிசையாக எட்டுத் தொழிலாளர் வீடுகள். நிலத்தை விற்றுவிட்ட கம்பெனி, எல்லாரும் அம்பாங்கான் அடுக்குமாடிக்குப் போங்கள் என்றது. தரை வீடு தந்தால்தான் நகர்வோம், அதுவரை யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று எட்டு வீடும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது.

முதல் வீட்டு லோகேஸ்வரி கணக்கு டீச்சர். கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாதவள். கம்பெனி ஆள் ஹேமநாதன் வீட்டுக்கு வீடு வந்து ஆசை காட்டிப் போன அன்றே, கதவுக்கு ஓர் இலக்கமாகச் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டாள்: 59393339.

"இது பகா எண். ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. கடைசி இலக்கத்த எடுத்தாலும் மிச்சம் பகா எண்தான். இப்படியே ஒண்ணொண்ணா எடுத்து, என் வீட்டு அஞ்சு மட்டும் நின்னாலும் வகுபடாது!"

கடைசி வீட்டுத் தங்கராஜுவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. நம்பரைக் கூட்டிப் பார்க்காமல் மோட்டார் சைக்கிள்கூட வாங்காத மனுஷன் அவர். விரல்விட்டுக் கூட்டினார். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு.

"எட்டுன்னா சனிம்மா! வாசல்லயே எழுதி வச்சிருக்கியே!"

தின்னரில் துணியை நனைத்துத் தன் கதவிலிருந்த ஒன்பதைத் துடைத்தார். மீதியைக் கூட்டினார். முப்பத்தைந்து. மூணும் அஞ்சும்... அவர் முகம் தொங்கிப்போனது.

லோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஒன்பத எடுத்தா கணக்கு மாறாது மாமா! திரும்பவும் அதே எட்டுதான் வரும்லா!"

மறுவாரம் தங்கராஜு வீட்டுச் சாமான்கள் லோரியில் ஏறின. தன் சிரிப்புதான் அவரை விரட்டிவிட்டது என்று லோகேஸ்வரி தன்னையே நொந்துகொண்டாள். ஒரு வீடு உடைந்தால் மற்றவர்களும் சரிந்துவிடுவார்களே என்று பயமாகவும் இருந்தது.

லோரிக்குப் பின்னாலேயே ஹேமநாதன் காரில் வந்து இறங்கினான். "அவரு போன மாசமே சைன் பண்ணிட்டாரு. நீங்கதான் லேட்டு."

போன மாதமே! அப்படியென்றால் சனி, எட்டு எல்லாம் வெறும் சாக்கு. சூடம் அணைத்த கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். லோகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

"எட்டு உடஞ்சிருச்சு டீச்சர். இனி ஒண்ணொண்ணா வருவீங்க."

அவள் வாயைத் திறக்கும் முன், ஏழாம் வீட்டு ராக்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். பெருக்கல் வாய்பாடுகூடத் தெரியாதவள். தன் கதவிலிருந்த மூன்றுக்கு முன்னால் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கடைசி வீடு நாந்தான். வா தம்பி, வகுத்துப் பாரு."