ஆமை உள்ளே வரலாமா

குளத்தோரம் மோட்டார் பழுது பார்க்கப் போன என் புருஷன், கருவிப் பெட்டியில் ஓர் ஆமையோடு திரும்பினார். எலக்ட்ரீஷியனுக்கு இந்த வேலை எதற்கு? கேட்டால், தண்ணீரில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்ததாம், மூக்கில் நுரை தள்ளுகிறதாம், பாவமாம். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்தப் பாவம் எங்கே போயிருந்ததோ.

காட்டு ஜீவன், பிழைப்பது அதன் பாடு, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் பெட்டியை நீட்டினார். வீங்கிய கண்ணைத் திறக்க முடியாமல், அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். நெஞ்சில் சளி, தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும், காலையில் கொண்டு வாருங்கள், அதுவரை வெதுவெதுப்பான அறையில் வையுங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஹீட்டர் உள்ள அறை ஒன்றுதான். அது மாமியாருடையது.

அவர் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுடி."

புருஷன் உடனே ஸ்விட்ச் போர்டைக் கழற்றத் தொடங்கினார். எங்களுக்குள் சண்டை என்றால் அவருக்கு ஏதாவது ஒரு ஸ்விட்ச் பழுதாகிவிடும்.

தானாகப் புகுந்தால்தானே குற்றம், இதை நாமல்லவா தூக்கி வந்திருக்கிறோம் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. அதற்குள் ஆமை தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் எனக்கு வைத்திருக்கும் பெயரே ஆமைதான். ஒரு தம்ளர் கழுவ ஒரு மணி நேரம் எடுக்கிறேனாம்.

"ஒரு ஆமை இங்க புகுந்து எவ்வளவோ வருஷமாச்சு, அத்தை. வீடு உருப்பட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

மாமியார் மாட்டிக்கொண்டார். இல்லை என்றால் மகனுக்குக் குறை. ஆமாம் என்றால் மருமகளுக்குப் பெருமை. மாமியார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உருப்பட்டுச்சு, போதுமா? உள்ள கொண்டு வா. இதாவது எதிர்த்துப் பேசாது."

சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த ஹீட்டரை அவரே இழுத்து வைத்தார்.

காலையில் அவர் அறையிலிருந்து குரல் வந்தது, ஆமை எழுந்தாச்சா என்று. பதில் சொல்ல ஓடினேன். பெட்டிக்குள் அதுவும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.