கடிபட்ட மொச்சை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் மிச்சம்.

ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில் 'கையால் செய்து கற்றல்: என் வகுப்பறை அனுபவம்' என்று இரண்டு பக்கம் எழுதினேன். தலைமையாசிரியை எழுதச் சொன்னார், எழுதினேன். புகைப்படத்தோடு வந்தது. அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. தயிர்க் கோப்பைகள் அறுபத்திரண்டு என்பது உண்மை. பஞ்சு உண்மை. முதல் வகுப்புக் குழந்தைகள் ஆளுக்கொரு மொச்சையை ஊன்றினார்கள், நீர் ஊற்றினார்கள், தினமும் கவனித்தார்கள் என்பதும் உண்மை. முளைத்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. படத்தில் முளைகள் தெரிந்தன. அது போதுமாக இருந்தது.

எழுதாமல் விட்டது ஒரு குழந்தையை. பெயர் நவாரா. மூன்றாவது பெஞ்சு. மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது.

2

தொடக்கங்கள்.

(அ) எகிப்தின் தமன்ஹூரில் அன்று காலையிலிருந்தே மழை—

வேண்டாம். மழை எதையும் செய்யவில்லை.

(ஆ) இன்ஷிராஹ் என்று ஓர் ஆசிரியை இருந்தாள்—

இப்படி நான்கு பக்கம் போனது. இன்ஷிராஹ் கெட்டவள். எழுதச் சுலபமாக இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் அவள் என்னுடைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள். நிறுத்திவிட்டேன்.

(இ) என் பெயர் இல்ஹாம். ஒப்பந்த ஆசிரியை. ஆண்டுதோறும் ஆய்வாளர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

இது இருக்கட்டும்.

3

என் வகுப்பில் செயல்பாட்டு மூலை உண்டு. மணிச்சட்டம், மரக்கட்டைகள், தராசு, மணல் தட்டு. எல்லாம் நான் கையெழுத்திட்டு வாங்கியவை, என் பொறுப்பில் இருப்பவை. ஒரு மணி உருண்டு தொலைந்தால் விசாரணை வரும். ஆகவே மூலை முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டி வைத்திருந்தேன். எல்லா வகுப்பிலும் அப்படித்தான். குழந்தைகள் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆய்வாளர் வரும் நாளில் தாளை எடுப்போம்.*

மொச்சை எந்தப் பட்டியலிலும் இல்லை. பிள்ளைகள் வீட்டு அடுக்களையிலிருந்து கொண்டுவந்தது. தினமும் காலையில் ரொட்டிக்குள் வைத்துத் தின்கிற அதே ஃபூல் மொச்சை. அந்த அறையில் அவர்கள் தொடக்கூடிய ஒரே பொருள் அதுதான். தொட்டார்கள். வரும்போது நீர் ஊற்றினார்கள், இடைவேளையில் ஊற்றினார்கள், போகும்போது ஊற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் ஊற்றுகிற நேரத்தில் வகுப்பு அமைதியாக இருந்தது.

ஊன்றிய அன்று நடந்தது:

"மிஸ், இது வெந்ததா, வேகாததா?"

"வேகாததுதான் நவாரா. பஞ்சுல வை."

"இருங்க, பாக்கறேன்." கடித்துவிட்டாள். "ஐய! கல்லு!"

பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். "இன்னொரு பல்லும் போச்சா?"

"போடா. ஒண்ணுதான். அது முன்னாடியே போச்சு."

ஓரத்தில் பல் பதிந்த அந்த மொச்சையையே பஞ்சில் வைத்து, கோப்பையின் மேல் பெயர் ஒட்டினாள்.

[முதல் படியில் இவளுக்குக் கூர்மையான கண்கள் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். மூக்கு ஒழுகும் சாதாரணப் பிள்ளை. ஒரு பாடவேளையில் இரண்டு முறை கழிப்பறைக்குக் கேட்பாள். அவளை அபூர்வமானவளாக ஆக்கினால், நான் செய்தது அபூர்வமான பிள்ளைக்கு மட்டும் செய்யக்கூடாத காரியம் என்று ஆகிவிடும்.]

* மணல் கட்டியாக இறுகிப் போயிருந்தது. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

4

ஆறாம் நாள் நாற்றம் வந்தது. அன்றைக்கே தலைமையாசிரியை மேடம் அஃபாஃப் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆய்வாளர் வர்றார். உன் வகுப்புக்குத்தான் மொதல்ல. மொச்சை எப்படி இருக்கு?"

"நாறுது மேடம்."

"நாறுதுன்னா?"

"தண்ணி அதிகமாயிடுச்சு. அழுகிப்போச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்." நான் எல்லாவற்றையும் பார்க்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடையில முளைகட்டினது விக்கறான். இதையும் நான் சொல்லித் தரணுமா? வீட்டுல அடுப்பு மூட்டுற பொம்பளதானே நீ?"

எங்கள் ஊரில் முளைகட்டிய மொச்சையைக் காய்ச்சல்காரர்களுக்கு வேகவைத்து, அந்தச் சாற்றைக் குடிக்கக் கொடுப்போம். கடைக்காரர் ஹாஜ் ஃபத்ஹி தட்டில் அள்ளிக்கொண்டே கேட்டார்.

"ஒரு கிலோவா! எத்தனை பேரும்மா படுத்துட்டாங்க?"

"அறுபத்திரண்டு."

"அடேயப்பா. வீடா, ஆஸ்பத்திரியா? அல்லாஹ் சொகமாக்கட்டும். எலுமிச்சம்பழத்த நல்லாப் பிழிஞ்சு விடு."

மறுநாள் பிள்ளைகள் வருமுன் அறுபத்திரண்டு கோப்பைகளையும் குப்பைப் பையில் கவிழ்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு. புதுப் பஞ்சு, புது மொச்சை. பெயர்களை அப்படியே விட்டேன். மூலையின் பிளாஸ்டிக் தாளை உரித்தேன்.

5

ஆய்வாளர் மோசமானவர் இல்லை. (மோசமானவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) கோப்பைகளைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். உண்மையாகவே மகிழ்ந்தார்.

"யாரோட மொச்சை நல்லா முளைச்சிருக்கு?"

"என்னுது உஸ்தாத்! என்னுது! இவனுதவிட என்னுது பெருசு!"

எல்லாக் கைகளும் மேலே. நவாராவின் கை மட்டும் இல்லை. அவள் கோப்பைக்குள் விரலை விட்டு மொச்சையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதனாலேயே அவர் அவளிடம் போனார்.

"உன்னுது எங்கம்மா?"

"தெரியல."

"கையில வச்சிருக்கியே."

"இது என்னுது இல்ல. பேருதான் என்னுது."

"எப்படிச் சொல்றே?"

"என்னுதை நான் கடிச்சேன். இப்படி." மொச்சையை எடுத்துப் பல்லுக்கு நேராகப் பிடித்து, வாயைத் திறந்து காட்டினாள். வகுப்பு சிரித்தது.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. குனிந்து வாயைப் பார்த்தார். மொச்சையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்த தடமே இல்லாத முழு மொச்சை. பிறகு என்னைப் பார்த்தார்.

என் வகுப்பில் அந்த ஆண்டு நடந்த ஒரே உண்மையான செயல்வழிக் கற்றல் இது. நடத்தியவள் நான் இல்லை.

நான் சொன்னது: "கதை கட்டுவா, உஸ்தாத். வீட்டுல கவனிக்க ஆளில்ல."

இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. அவளுடைய தாய் தினமும் பள்ளி வாசலில் வந்து நிற்பவள். எழுதும்போது நான் தேவையற்ற வாக்கியங்களை அடித்துவிடுவேன்.

"நவாரா, பெரியவங்ககிட்ட பொய் சொல்லலாமா? பேரப் படி. யார் பேரு?"

"என் பேரு."

"அப்ப யாரோட மொச்சை?"

கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னுது மிஸ்."

அறிக்கையில் எழுதியிருந்தது: செயல்வழிக் கற்றல் மிகச் சிறப்பு. ஒரு மாணவிக்கு உற்றுநோக்கும் பயிற்சி தேவை.

6

பள்ளி விட்ட பிறகு குப்பைப் பையைத் திறந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

(தெரியும். கடிபட்ட மொச்சை அதில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள.)

கறுத்துக் கொழகொழத்த மொச்சைகளுக்கு நடுவே அது கெட்டியாக இருந்தது. ஓரத்தில் கடி. கடியின் நடுவில் ஒரு பல் அளவு இடைவெளி. மறுபக்கம் தோலைப் பிளந்துகொண்டு வெள்ளையாக ஒரு முனை. அறுபத்திரண்டில் முளைத்திருந்தது அது ஒன்றுதான்.

இதற்கு மேல் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மறுநாள் அதை நவாராவிடம் கொடுத்து, எல்லோர் முன்னிலும்—

இன்னொன்று: வீட்டு மாடியில் ஊன்றினேன். அது வளர்ந்து—

இரண்டாவதைப் படித்த தோழி கண் கலங்கினாள். "இதையே வச்சுக்கோடி" என்றாள். அவள் கண் கலங்கியதால்தான் கிழித்தேன்.

நடந்தது: பையில் திரும்பப் போட்டு, வாயைக் கட்டி, வெளியே கொண்டுபோய் வைத்தேன். முதல் முறை தெரியாமல் போட்டேன்.

7

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. டேப் திரும்ப ஒட்டப்பட்டது.

நவாரா தொந்தரவில்லாத பிள்ளை ஆனாள். ஒருநாள் அவள் உள்ளங்கையில் பாட்டில் மூடிகளைக் கொட்டி, "எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். அவள் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை மிஸ்?" என்றாள்.

மார்ச்சில் அதே ஆய்வாளர் வந்தார். அவளை மறக்கவில்லை.

"பல்லு காட்டின பொண்ணுதானே நீ? ஆ காட்டு. அட, வந்துடுச்சே!"

வகுப்பு சிரித்தது. அவர் அவளுடைய பெஞ்சின் முன் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பயப்படாம சொல்லு. அன்னைக்கு அந்தக் கோப்பையில இருந்தது உன் மொச்சைதானா?"

அவர் தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைச் சரிபார்த்தேன்.

நவாரா சொன்னாள்: "                    "

அவள் சொன்னது எனக்குத் தெரியும். நீங்களும் முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்த முறை நான் எதையும் மாற்றி வைக்கவில்லை.