கரும்பு வரிசையில் ஒரு பத்தி

மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் நகராமல் நின்றன. அதில் ஒன்றை ஓட்டி வந்த அன்புச்செல்வனுக்குப் பக்கத்தில், சக்கரத்து மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ரம்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வங்கித் தேர்வு. வீட்டில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் வேலை சொல்வார்கள் என்றுதான் லோடு ஏறியதும் அவளும் ஏறிக்கொண்டாள்.

போன தடவை ஆங்கிலத்தில்தான் சறுக்கினாள். அந்தக் கோபத்தில் கடினமான சொற்களாகத் தேடித் தேடி உருப்போட்டிருந்தாள். எதைக் கேட்டாலும் பொருள் சொல்வாள். ஆனால் காலையில் போனில் எழுதிய மாதிரித் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி தப்பு.

"எல்லா வார்த்தையும் தெரியுதுங்க. அப்புறம் எப்படித் தப்பாவுது?" போனை அணைத்தாள், மறுபடி திறந்தாள்.

"எழுதனவன் இன்னாதான் சொல்றான்? சொல்லு, கேக்கறேன்."

"வெவசாயிக்கு ஃப்ரீ கரண்டு குடுக்கறதால நெலத்தடித் தண்ணி வத்திக்கினு போவுதாம்."

அன்புச்செல்வனுக்குச் சுருக்கென்றது. "ஏசில உக்காந்துக்கினு எழுதறவனுக்கு இன்னா தெரியும்? நம்முளுது நாப்பதடி கெணறு. அரை மணி மோட்டார் ஓட்னா காத்துதான் வருது. நானா வத்த வெச்சேன்?"

"உங்களத் திட்டலங்க."

"இப்பதான சொன்ன?"

சொல்லத்தான் சொன்னாள். எழுதியவனுக்காகப் பேச வேண்டுமென்றால் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். ரம்யா பத்தியை மெதுவாகப் படித்தாள். இலவச மின்சாரம் 'ஆஸ்டென்சிப்லி' சிறு விவசாயிக்காக என்று ஒரு வரி. வெளிப்பார்வைக்கு என்று பொருள்; தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். காலையில் அதைத் தாண்டி ஓடியிருந்தாள். வெளிப்பார்வைக்கு அப்படி என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்க வேண்டும். அடுத்த வரியிலேயே அது இருந்தது.

"பேருக்குத்தான் உங்களுக்குன்னு சொல்றான். ஆயிரம் அடி போர் போட்டவன்தான் மொத்தத்தையும் இழுக்கறானாம். சின்ன கெணத்துக்காரனுக்குக் காஞ்ச கெணறுதான் மிச்சமாம்."

அவன் குனிந்து அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தான். "அப்ப நம்ம பக்கமாதான் பேசறான்?"

"ஆமா. நாந்தான் உங்களக் கொறை சொல்றான்னு டிக் பண்ணிட்டேன்."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டி குலுங்கி நகர, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த பத்தியைத் திறந்தாள். "இதையும் கேளுங்க. ஒத்துவரலன்னா சண்டைக்கு வாங்க."

தேர்வில் ஆங்கிலம் தேறியது. கணக்கில் போய்விட்டது, தேர்வுக்கு மிச்சமிருந்த நாட்களெல்லாம் பத்திகளிலேயே கரைந்திருந்தன. முடிவு வந்த அன்று ரம்யா அழவில்லை. உட்காரவும் இல்லை. வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"அடுத்தது எப்ப வெக்கறான்?" என்றான் அன்புச்செல்வன்.

"ஆவணில. நாளைலேருந்து கள்ளக்குறிச்சி லைப்ரரிக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன்."

அனுமதி கேட்கிற குரலாக அது இல்லை. அவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, எட்டு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்றான்.